தேர்வு: ஒரே சொல்லில் இரண்டு வரலாறு

தமிழ்நாட்டுத் தமிழில் 'தேர்வு' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. அறையில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் எழுதுவதும் தேர்வு. கடையில் நான்கு புடவையைப் பிரித்துப் பார்த்து ஒன்றை எடுப்பதும் தேர்வு. இலங்கைத் தமிழர் இந்தச் சிக்கலில் மாட்டிக்கொள்ளவில்லை. அங்கே எழுதுவது பரீட்சை, தேர்ந்துகொள்வது தெரிவு. நாம்தான் பரீட்சையை வடசொல் என்று ஒதுக்கிவிட்டு, இரண்டு பொருளையும் ஒரே சொல்லின் தலையில் ஏற்றினோம்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் அடுத்து என்ன என்ற முடிவு இந்த மாநிலத்தில் எப்படி மாறி வந்தது என்று பார்த்தால், அந்தச் சொல்லுக்கு நேர்ந்ததே முடிவுக்கும் நேர்ந்திருக்கிறது. முதல் பொருள் இரண்டாவதை மெல்ல மெல்ல விழுங்கிவிட்டது. 'என்ன படிக்கலாம்' என்ற கேள்வி 'என்ன கிடைக்கும்' என்று ஆகிவிட்டது. இதை வெறும் சீரழிவு என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. இடங்களை நியாயமாகப் பங்கிட வேண்டும் என்று நூறாண்டுக்கு மேல் நடந்த போராட்டமும் இந்த மாற்றத்துக்குள்ளேதான் இருக்கிறது.

மெட்ரிக்கிலிருந்து பியூசி வரை

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது பள்ளியின் கடைசிப் படியும் கல்லூரியின் வாசலும் ஒன்றாகவே இருந்தன. மெட்ரிகுலேஷன் என்பது பல்கலைக்கழகம் தனக்காக நடத்திய நுழைவுத் தேர்வு. பள்ளி அதற்கு ஆள் தயாரித்துக் கொடுத்தது. மெட்ரிக் தேறியவர் இரண்டு ஆண்டு எஃப்.ஏ., பிறகு பி.ஏ. என்று ஏறலாம், அல்லது குமாஸ்தா வேலை தேடலாம். எல்லாப் பாடத்திலும் தேறினால்தான் மேலே போக முடியும். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த ராமானுஜன், பிறகு பச்சையப்பன் கல்லூரியிலும் படித்து, எஃப்.ஏ.வைத் தாண்ட முடியாமல் போனது கணக்கினால் அல்ல, மற்ற பாடங்களால். பிடித்த ஒன்றை எடுத்துப் படிப்பது என்ற எண்ணத்துக்கே அந்த அமைப்பில் இடம் இருக்கவில்லை.

1911இல் எஸ்.எஸ்.எல்.சி. வந்தது. பெயரைக் கவனிக்க வேண்டும்: பள்ளியை விட்டுப் போவதற்கான சான்றிதழ். கல்லூரிக்குப் போகாதவரும் பள்ளியை முடித்தவர்தான் என்று அரசு ஒப்புக்கொண்டது அப்போதுதான். கல்லூரியில் சேரத் தகுதி உண்டா இல்லையா என்பது தனிக் கேள்வியாகப் பிரிந்தது. தமிழ்நாட்டுக் குடும்பங்களில் 'எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவர்' என்று சொன்னால் ஒரு முழுமை தொனிக்கும். அந்தத் தொனி எழுபதுகள் வரை தாக்குப்பிடித்தது.

ஐம்பதுகளின் நடுவில் இரண்டாண்டு இன்டர்மீடியட் போய் ஓராண்டு பியூசி வந்தது, பட்டப் படிப்பு மூன்றாண்டு ஆனது. பதினொன்றாம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய பையனுக்கு முன்னால் அப்போது திறந்திருந்த வழிகள் இன்று நாம் நினைப்பதைவிட அதிகம். பியூசி ஒன்று. பாலிடெக்னிக் ஒன்று, ஐ.டி.ஐ. ஒன்று. ஆசிரியர் பயிற்சி. பட்டாளம். இவை எதிலும் சேராதவருக்கு ஊர்க் கடைத்தெருவின் மாடியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்தது. 'லோயர்' முடித்து 'ஹையர்' முடித்து, கூடவே சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டால் பம்பாய்க்கு ரயில் ஏறலாம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட்ச் என்று காலை ஆறு மணிக்கே தட்டத் தொடங்கும் அந்த ரெமிங்டன் சத்தம், கல்வி அறிக்கைகள் எதிலும் பதிவாகாத ஒரு பெரிய உயர்கல்வி நிறுவனத்தின் சத்தம். எந்த வழியில் போனாலும் முதல் வேலை ஒன்று உண்டு: வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்து அட்டை வாங்குவது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க மறந்தால் சீனியாரிட்டி போய்விடும்.

இடம் யாருக்கு?

இந்த வழிகளில் எதற்கும் பெரிய வழக்கு நடக்கவில்லை. வழக்கெல்லாம் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும்தான். 1920களில் அரசு வேலைக்காக நீதிக்கட்சி ஆட்சி தொடங்கிவைத்த வகுப்புவாரி ஆணை பின்னர் தொழிற்கல்லூரிகளுக்கும் நீண்டது. 1950 வாக்கில் பதினான்கு இடங்கள் ஓர் அலகு: பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்டோருக்கு 2, பார்ப்பனருக்கு 2, அரிசனருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்கும் 1, முஸ்லிம்களுக்கு 1. இதை எதிர்த்து செண்பகம் துரைராஜன் மருத்துவ இடத்துக்காகவும் சி.ஆர். சீனிவாசன் பொறியியல் இடத்துக்காகவும் வழக்காடினார்கள். செண்பகம் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பது உச்ச நீதிமன்றத்திலேயே வெளிப்பட்டது. இருந்தும் ஆணை ரத்தானது. தமிழ்நாட்டில் எழுந்த கொந்தளிப்பைத் தொடர்ந்து 1951இலேயே அரசமைப்பின் முதல் திருத்தம் வந்தது. கல்லூரி இடத்துக்காக இரண்டு பேர் போட்ட மனுக்கள் நாட்டின் அரசமைப்பையே திருத்தவைத்தன. இந்த மாநிலத்தில் சீட் என்பது எவ்வளவு கனமான சொல் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அதன் பிறகும் பங்கீட்டு முறை நீதிமன்றத்தின் வாசலை விட்டு நகரவில்லை. மருத்துவ இடங்களை மாவட்டங்களின் மக்கள்தொகை விகிதப்படி பிரித்த விதியை 1968இல் ராஜேந்திரன் வழக்கு செல்லாததாக்கியது. அடுத்து அரசு கல்லூரிகளைத் தனித்தனி அலகுகளாகப் பிரித்து, ஒவ்வோர் அலகுக்கும் தனித் தேர்வுக்குழு வைத்தது. ஓர் அலகில் குறைந்த மதிப்பெண் பெற்றவருக்கு இடம் கிடைக்கும், இன்னோர் அலகில் கூடுதல் பெற்றவர் வெளியே நிற்பார். 1970இல் பெரியகருப்பன் வழக்கில் அதுவும் விழுந்தது. அந்த வழக்கில் நேர்காணல் மதிப்பெண்ணும் கேள்விக்குள்ளானது. குழுவுக்கு முன்னால் சில நிமிடம் உட்கார்ந்து எழுந்த பையனுக்குப் போட்ட மதிப்பெண் எதை அளந்தது என்று கேட்டால் யாரிடமும் நல்ல பதில் இல்லை.

நேர்காணல் என்பதில்தான் மாணவரைப் பார்த்து 'உனக்கு ஏன் இந்தப் படிப்பு?' என்று யாராவது கேட்டிருக்க முடியும். ஆனால் அந்தக் கேள்விக்கான பதிலில் அப்பாவின் உத்தியோகமும் சாதியும் ஆங்கில உச்சரிப்பும் சேர்ந்தே ஒலித்தன. எனவே கேள்வியையே எடுத்துவிடுவது நியாயமாகப் பட்டது. எண் பொய் சொல்லாது என்ற நம்பிக்கையின் வேர் இங்கே இருக்கிறது.

கைத்தொழில் மீது ஒரு சந்தேகம்

இன்னொரு வேரையும் தோண்டிப் பார்க்க வேண்டும். சென்னையில் தொழிற்கல்வி பழையது. அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கிய கலைப் பள்ளியில்தான், அந்த நூற்றாண்டின் முடிவில், ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்துபார்த்தார். அது தொழிலாகவே வளர்ந்தது. 1916இல் தொடங்கிய தொழிற்பள்ளியே பின்னாளில் மத்திய பாலிடெக்னிக் ஆனது. ஆக, கையால் செய்யும் கல்விக்கு இங்கே முன்மாதிரி இல்லாமல் இல்லை.

1953இல் ராஜாஜி அரசு தொடக்கக் கல்வியில் ஒரு மாற்றம் கொண்டுவந்தது: பள்ளி மூன்று மணி நேரம், மீதிப் பொழுதில் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். பெரியார் அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தார், அந்தப் பெயரே நிலைத்தது. 1954இல் ராஜாஜி விலகினார், காமராசர் வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. ஓராண்டு மட்டுமே உயிரோடிருந்த திட்டம் அது. ஆனால் 'தொழில் கற்றுக்கொள்' என்று சொல்லும் எவரையும் 'யாருடைய பிள்ளைக்கு இதைச் சொல்கிறாய்?' என்று திருப்பிக் கேட்கும் பழக்கத்தை அது தமிழ்நாட்டுக்கு நிரந்தரமாகக் கொடுத்துவிட்டுப் போனது. எழுபது ஆண்டு கழித்து ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் பதினெட்டு வயது முதலே கைவினைத் தொழிலுக்குக் கடன் தர முன்வந்தபோது, 2024இல் தமிழ்நாடு அதை அப்படியே ஏற்க மறுத்தது. குறைந்தபட்ச வயதை 35 ஆக்க வேண்டும் என்று கேட்டது. பிறகு அதே வயது வரம்போடு கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாக ஒன்றைக் கொண்டுவந்தது. பதினெட்டு வயது கல்லூரிக்குப் போகும் வயது என்பதுதான் வாதம். 1953ஐ அறியாதவருக்கு இந்தப் பிடிவாதம் புரியாது.

இந்தச் சந்தேகம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. 1950இல் நாடு முழுக்கத் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் வந்த ஐ.டி.ஐ.க்கள், குலத்தொழிலுக்கு நேர் எதிரானவை. ஃபிட்டர், டர்னர், வெல்டர், எலக்ட்ரீஷியன் என்ற பெயர்களுக்குச் சாதி கிடையாது. 1961இன் பயிற்சியாளர் சட்டம் படித்து முடித்தவரைத் தொழிற்சாலைக்குள்ளேயே அழைத்துச் சென்றது. பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையிலோ திருச்சி பெல்லிலோ நெய்வேலியிலோ அப்ரண்டிஸாக நுழைந்த ஐ.டி.ஐ. பையன், பி.ஏ. முடித்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அண்ணனுக்குச் செலவுக்குப் பணம் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அந்தப் பெருமையை எங்கள் தலைமுறை பாடப்புத்தகத்தில் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. பத்தாவதில் பாஸ் ஆகாவிட்டால் ஐ.டி.ஐ. என்பதே வீட்டிலும் வகுப்பிலும் பேச்சாக இருந்தது.

1978: முடிவு பதினைந்து வயதுக்கு இறங்கியது

கோத்தாரிக் குழு 1966இல் பரிந்துரைத்த 10+2+3 அமைப்பைத் தமிழ்நாடு எடுத்துக்கொண்டது 1978இல். பியூசி கல்லூரியிலிருந்து அகன்றது. பத்தாம் வகுப்புக்கு மேல் இரண்டு ஆண்டுகள் பள்ளியிலேயே சேர்க்கப்பட்டன. முதல் பிளஸ் டூ பொதுத் தேர்வு 1980 மார்ச்சில் நடந்தது. பார்க்க நிர்வாக மாற்றம்போல இருந்த இதுதான், என் கணிப்பில், இந்த வரலாற்றின் பெரிய திருப்பம்.

காரணம், குரூப். முன்பு கல்லூரி வாசலில் நின்று எடுத்த முடிவை இப்போது பதினைந்து வயதுப் பிள்ளை, பத்தாவது ரிசல்ட் வந்த வாரத்தில், தலைமையாசிரியர் மேசைக்கு முன்னால் நின்று எடுக்க வேண்டும். 'ஃபர்ஸ்ட் குரூப்' என்றால் கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல். அதிலிருந்து எஞ்சினியரிங்குக்கும் போகலாம், மெடிக்கலுக்கும் போகலாம். காமர்ஸ் எடுத்தால் அந்த இரண்டு கதவும் மூடிக்கொள்ளும். தொழிற்பிரிவும் ஒன்று இருந்தது. மற்ற குரூப்பில் இடம் கிடைக்காதவர்களை அங்கே அனுப்பினார்கள். பத்தாவது மதிப்பெண்ணை மேலிருந்து கீழே வரிசைப்படுத்தி, முதல் ஐம்பது பேருக்கு ஃபர்ஸ்ட் குரூப், அடுத்தவர்களுக்கு அடுத்தது என்று நிரப்பிய பள்ளிகள் பல. பிள்ளைக்குப் பிடித்தது எது என்பது அந்தக் கணக்கில் வரவே வராது. நிறைய மதிப்பெண் வாங்கிவிட்டு வரலாறு படிக்கிறேன் என்றவரை, உடம்புக்கு ஏதாவது சரியில்லையா என்று கேட்பதுபோலப் பார்த்தார்கள்.

கட்ஆஃப், ரேண்டம் எண், கலந்தாய்வு

எண்பதுகளின் நடுவில் இரண்டு முடிவுகள் அடுத்தடுத்து வந்தன. எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தந்தது. 1984-85 கல்வியாண்டு முதல் தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வையும் கொண்டுவந்தது. கிண்டி, கோவை, மதுரை என்று விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்த பொறியியல் கல்லூரிகள், பிறகு நெடுஞ்சாலை ஓரமெல்லாம் முளைத்து ஐந்நூறைத் தாண்டின. 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்குத் தீர்ப்பு 'ஃப்ரீ சீட்', 'பேமென்ட் சீட்' என்ற இரண்டு சொற்களை வீட்டுப் பேச்சில் சேர்த்தது. அதுவும் ஒன்பது ஆண்டில் டி.எம்.ஏ. பாய் தீர்ப்பால் மாறியது.

1997இல் அண்ணா பல்கலைக்கழகம் ஒற்றைச் சாளர முறையைத் தொடங்கியது. அதுவரை ஒவ்வொரு கல்லூரிக்கும் தனி விண்ணப்பம் போட்டு, தபாலுக்குக் காத்திருந்து, ஓரிடத்தில் பணம் கட்டிய பிறகு இன்னோரிடத்திலிருந்து அழைப்பு வரும் அவதி இருந்தது. அது ஒரே நாளில் ஒழிந்தது. இதைச் சாதாரணமாகக் கடந்துபோகக் கூடாது.

2018இல் கலந்தாய்வு இணையத்துக்கு மாறும்வரை அது நடந்த மண்டபத்தை நினைத்துப் பார்க்கலாம். அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் மாணவருக்கும் துணைக்கு வருபவருக்கும் அரசுப் பேருந்தில் பாதிக் கட்டணம். இரவு முழுக்கப் பயணம் செய்து கிண்டியில் இறங்கிய தந்தையும் மகளும், பிளாஸ்டிக் பையில் சான்றிதழ்களோடு, மரத்தடியில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். உள்ளே பெரிய திரையில் கல்லூரிப் பெயர், பாடப்பிரிவு, மிச்சம் உள்ள இடம் என்று எண்கள் ஓடும். ஒவ்வோர் எண்ணும் கண்ணெதிரே குறையும். 'இ.சி.இ. போச்சு' என்று யாரோ முனகுவார்கள். ரேங்க் வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார வேண்டும். சில நிமிடத்தில் ஒரு கல்லூரியைச் சொல்ல வேண்டும். பெயரைக் கேள்விப்பட்டிராத ஊரில், பார்த்திராத கட்டடத்தில், நான்கு ஆண்டு. மந்திரி மகனுக்கும் அதே திரை, அதே வரிசை. சிபாரிசுக் கடிதம் உள்ளே நுழைய முடியாத இடம் தமிழ்நாட்டில் அதிகம் இருந்ததில்லை, அது ஒன்று.

வரிசையைச் செதுக்கும் விதிகள் எவ்வளவு நுணுக்கமானவை என்பதற்கு ரேண்டம் எண் ஒரு சான்று. கணக்குக்கு 100, இயற்பியலும் வேதியியலும் சேர்த்து 100 என்று 200க்கு கட்ஆஃப். நுழைவுத் தேர்வு இருந்தவரை அதன் 100ம் கூடி 300. இருவர் சமமாக வந்தால் கணக்கு மதிப்பெண், பிறகு இயற்பியல், பிறகு நான்காவது பாடம், பிறகு பிறந்த தேதி என்று நெடுங்காலம் பார்த்தார்கள். அதுவும் ஒன்றானால், ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கணினி முன்பே கொடுத்துவைத்த பத்து இலக்க எண். கடைசியில் விதியிடம் விடும்போதுகூட அந்த விதியை முன்கூட்டியே ஊரறிய அறிவித்துவிட்டுத்தான் விடுகிறார்கள்.

இத்தனை நேர்த்தியான ஏற்பாட்டுக்கு வைத்த பெயர்தான் விந்தை. ஆங்கிலத்திலிருந்து வந்த 'கவுன்சலிங்' என்ற சொல்லுக்கு ஆலோசனை சொல்வது என்று பொருள். தமிழில் 'கலந்தாய்வு' என்றார்கள்: கலந்து பேசி ஆய்வது. ஆனால் அங்கே யாரும் யாரோடும் கலந்து பேசியதில்லை. 'கவுன்சலிங் போனியா?' என்று கேட்டால் சீட் எடுத்தாயா என்றுதான் அர்த்தம். ஆலோசனை என்பது வெளியே மரத்தடியில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு தந்தையிடமிருந்து கிடைத்தது. அல்லது, போன வருடம் சேர்ந்த மாமா பையனிடமிருந்து.

நுழைவுத் தேர்வை எடுத்தது இன்னொரு நீண்ட கதை. 2005இலும் 2006 தொடக்கத்திலும் ஜெயலலிதா அரசு எடுத்த முயற்சிகள் உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. மதிப்பெண்ணை உயர்த்த மறுபடி எழுதும் 'இம்ப்ரூவ்மென்ட்' முறைக்கும் அப்போதுதான் முடிவு கட்டப்பட்டது. ஆட்சி மாறி, மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரையைக் கொண்டு இயற்றிய சட்டத்துக்கு 2007இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. பயிற்சி மையம் இல்லாத ஊர்ப் பிள்ளைகளுக்கு அது பெரிய விடுதலை. கூடவே, பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றே எல்லாமும் ஆனதும், நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளின் கொடி இன்னும் உயரப் பறந்தது. பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் நடத்தி, இரண்டாண்டு ஒரே புத்தகத்தை அரைப்பதுதான் அவற்றின் முறை. கோழிப்பண்ணைக்குப் பேர்போன மாவட்டம் என்பதால் மக்கள் அந்தப் பள்ளிகளுக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். அதைத் தடுக்கவே 2018இல் பதினொன்றுக்கும் பொதுத் தேர்வு வந்தது. தேர்வின் கேட்டைப் போக்க இன்னொரு தேர்வு. 2017இல் நீட் இங்கே நடைமுறைக்கு வந்ததும் மருத்துவம் மட்டும் பழைய நுழைவுத் தேர்வுக் காலத்துக்கே திரும்பியது. அதன் காயத்துக்கு மருந்தாக 2020இல் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. மறு ஆண்டு அது பொறியியலுக்கும் நீண்டது.

அரசு எதற்குப் பணம் கொடுத்தது

மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திட்டத்தின் பாதை இந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடும். 1989இல் அது திருமண உதவி: எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய். 2011இல் பட்டமோ பட்டயமோ முடித்திருந்தால் 50,000 ரூபாயும் தாலிக்கு நான்கு கிராம் தங்கமும் என்று ஆனது. அப்போதும் படிப்பு கல்யாணத்தை நோக்கியே நின்றது. 2022 செப்டம்பரில் அதே திட்டம் புதுமைப் பெண் ஆகி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர்ந்த பெண்ணின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாயாக விழத் தொடங்கியது. 2024இல் தமிழ்ப் புதல்வன் என்று ஆண் பிள்ளைகளுக்கும் வந்தது. பட்டப் படிப்பையும் ஐ.டி.ஐ.யையும் ஒரே தொகைக்கு உரியவையாக வைத்தது கவனிக்கத்தக்கது. 71 அரசு ஐ.டி.ஐ.க்களில் டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து புதிய எந்திரங்கள் வைத்ததும் இதே காலத்தில்தான். பழைய சந்தேகம் சற்றுத் தளர்ந்திருப்பதாகவே எடுத்துக்கொள்ளலாம்.

2021-22க்கான உயர்கல்விக் கணக்கெடுப்பில் நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4, தமிழ்நாட்டில் 47. நூறாண்டு வரிசைப் போராட்டம் தந்த எண் அது. ஆலோசனை என்ற மறுபாதி அரசின் கண்ணில் பட்டது அதன் பிறகுதான்: 2022இல் நான் முதல்வன், அதன் கிளையாகக் கல்லூரிக் கனவு, பிறகு பிளஸ் டூ முடித்தும் எங்கும் சேராதவர்களைத் தேடிப் பிடிக்கும் 'உயர்வுக்குப் படி' முகாம்கள். மேல்நிலைப் பள்ளிகளில் வழிகாட்டி ஆசிரியர் என்று ஒருவரை நியமித்து, போன ஆண்டு முடித்தவர்களை ஒவ்வொருவராகப் போனில் அழைத்துக் கேட்கச் சொல்கிறார்கள்.

கொங்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அப்படி ஒரு பட்டியலைப் பார்த்தேன். கோடு போட்ட நோட்டில் கையால் எழுதியது. பெயர், போன் எண், சேர்ந்த கல்லூரி, சேராத காரணம். காரணக் கட்டத்தில் 'பனியன் கம்பெனி', 'அக்கா கல்யாணம்', 'நீட் மறுபடி', 'போன் எடுக்கவில்லை'. அதற்குப் பக்கத்தில் ஆசிரியர் தானாகவே ஸ்கேல் வைத்துக் கோடிழுத்து ஒரு கட்டம் சேர்த்திருந்தார்: 'படிக்க விரும்புவது'. அதில் பாதிக்கு மேல் பாடத்தின் பெயரே இல்லை. கேட்ட கேள்விக்கு அந்தப் பிள்ளைகள் என்ன சொன்னார்களோ அதை அப்படியே எழுதியிருந்தார்: 141.5, 98, 163.